கைக்குத் தட்டுப்படாதது

"கையில எதுவும் தட்டுப்படலை, வலியும் இல்லை. அப்புறம் எப்படி வந்துச்சு, டாக்டர்?"

பள்ளி வேன் ஓட்டும் அவன், டாக்டர் அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டான். அறையில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் அவன் அக்கா, இன்னொன்றில் அவன் மனைவி.

தட்டுப்படும் முன்பே கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனையே என்றார் டாக்டர்.

அவனுக்குப் பாதி புரிந்தது. அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளாமல், பிஸ்கட் கம்பெனி வேலையோடு தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள்.

அந்தக் கம்பெனிக்குத்தான் மார்பகத்தைப் படம் பிடிக்கும் மாமோகிராம் வண்டி வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம், வீட்டுப் பெண்களையும் கூட்டி வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். நன்றாக இருக்கிற உடம்பை எதற்குக் கிளற வேண்டும் என்று அக்கா ஒரேயடியாக மறுத்தாள். அவன் மனைவிதான் விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் கதை கதையாகச் சொன்னாள். பவுடர் எதுவும் பூசாமல் வரச் சொல்கிறார்களாம். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறார்களாம். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற நேரம்தான், பல் பிடுங்குவதற்கு இது எவ்வளவோ தேவலையாம்.

சில நாள் கழித்து, கம்பெனியில் கொடுத்திருந்த அக்காவின் நம்பருக்குப் போன் வந்தது. எடுத்துப் பேசியவள் அப்படியே சமையலறை வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவன் பதறி ஓடி வந்தபோது அவள் போனை மனைவியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். மனைவிதான் போனை வாங்கிப் பேசி முடித்தாள்.

"படத்துல ஏதோ புள்ளி தெரியுதாம், திரும்ப வரச் சொல்றாங்க. இப்படிக் கூப்பிடுறதுல நிறைய பேருக்கு ஒண்ணும் இருக்காதாம். நான் அண்ணியோட போயிட்டு வந்துடுறேன். நீங்க வண்டியைப் பாருங்க."

இரண்டாவது தடவை படம் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டுத் துளி சதை எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அவன் கடைக்கு ஓடிப்போய்ப் பழச்சாறு வாங்கி வந்தான். அக்கா அதை ஒரு வாய் கூடக் குடிக்காமல் அவன் மனைவி கையில் திணித்தாள். உனக்கு வாங்கினதை அவளுக்குக் கொடுக்கிறாயே என்று அவன் கோபித்துக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டு வேலை முழுவதையும் அக்கா இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். தண்ணீர்க் குடத்தைக் கூட யாரையும் தூக்கவிடவில்லை. வேலையில் கவலையை மறக்கப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மனைவியோ எப்போதும் போலத் தையல் மெஷினில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டுல ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கா. உனக்குப் பாட்டு கேக்குதா?"

அவள் பாட்டை நிறுத்திவிட்டுத் தைப்பதைத் தொடர்ந்தாள். மறுநாள் விடியலில் வழக்கம்போல அவனை எழுப்பிவிட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிள்ளைகளை ஏற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டே இறக்கி, ஒரு நாள் கூட விடுப்பு எடுக்காமல் இன்று வரை வண்டி ஓட்டிவிட்டான்.

இப்போது டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ மேகம் படர்ந்திருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அப்போதுதான் தெரிந்தது. பொடி உப்பைச் சிட்டிகை எடுத்துத் தூவியது போல, மினுக் மினுக்கென்று சில வெள்ளைப் புள்ளிகள்.

"இதுவா? இவ்வளவு சின்னதா?"

"இதேதான். கைக்குத் தட்டுப்படுற வரைக்கும் காத்திருந்தா வருஷக்கணக்கா ஆகியிருக்கும். இது புற்றுநோயோட ஆரம்பக் கட்டம். இன்னும் இருந்த இடத்தை விட்டு நகரலை. சின்ன ஆபரேஷன், கொஞ்ச நாள் கதிர் சிகிச்சை. இந்தக் கட்டத்துலயே பிடிச்சுட்டா அநேகமா முழுசா குணமாயிடும்."

அவன் திரைக்கு அருகில் போய்க் குனிந்தான். மூச்சுப் பட்டால் அந்தப் புள்ளிகள் கலைந்துவிடும் என்பது போல மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். தோல் மூடியிருக்கிறது, சதை மூடியிருக்கிறது, சுமக்கிறவளுக்கே தெரியாது. அதற்குள் புகுந்து இத்தனை நுணுக்கமான ஒன்றை ஒரு படம் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறதே. கோயில் வாசலில் கூட அவன் இப்படிக் கை கூப்பியதில்லை.

பிறகு அக்காவின் காலடியில் மண்டியிட்டு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டியாக்கா? குணமாயிடுமாம். நான் இருக்கேன், நீ தைரியமா இரு."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே? அவங்க படம் சுத்தமா இருக்கு. இது உங்க மனைவியோட படம்."

அவன் மெதுவாகத் திரும்பினான்.

"அண்ணிக்குன்னு நினைச்சா அழுதுக்கிட்டாவது வண்டி ஓட்டுவீங்கன்னு தெரியும்," என்றாள் மனைவி, அவன் தலைமுடியைக் கோதியபடி. "எனக்குன்னு தெரிஞ்சா உங்க கை நடுங்கும். வண்டி நிறையப் பிள்ளைங்க உக்காந்திருக்குமே!"