எவ்வளவு நாளாச்சு பார்த்து!

“மாமி! சௌக்கியமா? எவ்வளவு நாளாச்சு பார்த்து!”

பட்டு வேட்டி சரசரக்க எதிரில் வந்து நின்றவரை ஜெயலக்ஷ்மி ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கு, முழி, கன்னத்து மரு, எதுவும் பிடிபடவில்லை. ஆனால் பக்கத்தில் பெண் ஸ்ரீரஞ்சனி நிற்கிறாளே, பரீட்சை ஹாலில் வாத்தியார் நிற்கிற மாதிரி!

“சௌக்கியம்ப்பா. நீதான் இளைச்சுப் போயிட்டே.”

அவருடைய தொப்பை வேட்டிக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் மனுஷர் குளிர்ந்து போனார். “நீங்க ஒருத்தர்தான் மாமி அப்படிச் சொல்றேள். இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று சந்தனப் பேலாவை நீட்டிவிட்டு, அடுத்து வந்தவர்களை வரவேற்க ஓடினார்.

“யாரும்மா அது?”

“அவாத்து மனுஷாதான்டி.”

“அதான் யாரு?”

நல்ல வேளையாக நாதஸ்வரக்காரர் உச்சத்துக்குப் போய் அவளைக் காப்பாற்றினார்.

வரும்போதே காரில் ரஞ்சனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். போன மாதம் ஜெயலக்ஷ்மி அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பூங்காவுக்கு நடக்கப் போய்விட்டாள். பாத்திரம் கரிந்து நாறியதும், பக்கத்து ஃபிளாட்காரர்கள் பெங்களூரில் இருந்த ரஞ்சனிக்கே போன் போட்டுப் பற்ற வைத்துவிட்டார்கள்.

“இன்னிக்குக் கல்யாணத்துல பார்க்கறேன். மனுஷா முகம்கூட மறந்து போச்சுன்னா, ராஜா அண்ணாமலைபுரம் வீட்டைப் பூட்டிண்டு நீ என்னோட வந்துடணும். ஆமா.”

பெங்களூரில் ரஞ்சனிக்குப் பதினேழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பேச்சுத் துணைக்கு மேகம்தான் வரும். அங்கே போய் அடைந்து கிடக்க ஜெயலக்ஷ்மி தயாராக இல்லை.

கல்யாணம் கஸ்தூரிரங்கன் பெண் மாளவிகாவுக்கு. மயிலாப்பூரில் ஒரே காம்பவுண்டில் இருபது வருஷம் சுவரோடு சுவராக இருந்தவர்கள். கஸ்தூரிரங்கனின் சொந்தக்காரர்களில் அவள் கையால் காப்பி குடிக்காதவர்களே கிடையாது. அப்படியிருக்க, ஒரு முகமாவது தெரிய வேண்டாமா?

தி.நகரில் அந்தத் தெருவில் முகூர்த்த நாளென்றால் நாலு மேளம் ஒரே நேரத்தில் கேட்கும். காரை விட்டு இறங்கியதுமே ரஞ்சனி ஒரு காதில் ஆபீஸ் போனும் ஒரு கையில் அம்மாவுமாக விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள். அப்போது பிடித்த சனி இன்னும் விடவில்லை.

இப்போது ஒரு பச்சைப் பட்டுப்புடவை பாய்ந்து வந்து கட்டிக்கொண்டது.

“மாமி! நீங்க கொஞ்சம்கூட மாறலை!”

“நீ மட்டும் என்னவாம்! பையன் இப்பவும் அதே இடத்துலதானே இருக்கான்?”

“எனக்குப் பொண்ணுதானே மாமி?”

“அவளைத்தான்டி கேட்டேன்.”

“அதே இடம்தான் மாமி!” என்று சிரித்துவிட்டு அது நகர்ந்தது. ரஞ்சனி புருவத்தைத் தூக்கினாள். ஜெயலக்ஷ்மி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே ஹோமப் புகைக்கு நடுவில் கெட்டிமேளம் கொட்டிற்று. அட்சதையைப் போட்டுவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

“ஏன்டி, மாளவிகா பத்தாவது படிக்கும்போதே என்னைவிட ஒரு சாண் உயரமா இருப்பாளே? குட்டையா ஆயிட்டாளே!”

“மாப்பிள்ளை உயரம்மா. அதான் அப்படித் தெரியறா. இதுகூடவா புரியலை?”

முதல் பந்தியில் இடம் கிடைத்தது. பருப்பு, ரசம் எல்லாம் தாண்டிப் பாயசம் வந்தபோது, அதே பட்டு வேட்டிக்காரர் இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார்.

“கேட்டு வாங்கிச் சாப்பிடணும் மாமி. சங்கோஜமே கூடாது.”

ரஞ்சனி பார்த்துக்கொண்டே இருந்தாள். இனியும் மழுப்ப முடியாது என்று ஜெயலக்ஷ்மி துணிந்து காலை விட்டாள்.

“அது இருக்கட்டும், உங்கண்ணா கஸ்தூரிரங்கன் எங்கேப்பா? கண்ணுலயே படலையே?”

அவர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். “அண்ணாவா? இங்கதான் மாமி... எங்கயாவது இருப்பார். வரச் சொல்றேன்” என்று சொல்லி, சாம்பார் வாளிக்காரனைத் திட்டிக்கொண்டே நழுவிவிட்டார்.

ரஞ்சனி இலையை விட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

“அம்மா, கஸ்தூரி மாமாவுக்குத் தம்பியே கிடையாது. கூடப் பிறந்தவா எல்லாம் அக்கா.”

“அப்படியா?”

“அப்படியாவா? நான் ஹாஸ்டல்ல இருந்தேன், எனக்கு யாரையும் தெரியலை, சரி. இருபது வருஷம் பக்கத்துல இருந்த உனக்கும் ஒருத்தரைக்கூடத் தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்? போதும். நாளைக்கே பெட்டியைக் கட்டு.”

ஜெயலக்ஷ்மிக்கே இப்போது பயமாக இருந்தது. இத்தனை முகங்களில் ஒன்றுகூடவா மனசில் தங்காமல் போகும்? பாயசம் இலையில் ஓடி ரசத்தோடு கலந்தது. கை கொடுத்துத் தடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ரஞ்சனியின் போன் அடித்தது. எச்சில் கையாக இருந்ததால் இடது விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“ரஞ்சனி, கஸ்தூரி மாமா பேசறேன். அம்மாவை அழைச்சுண்டு கிளம்பியாச்சோ இல்லையோ? மாமி எங்க, மாமி எங்கன்னு மாளவிகா உயிரை எடுக்கறா.”

“என்ன மாமா, கேலி பண்றேளா? கெட்டிமேளம் கொட்டி, அட்சதை போட்டு, பாயசமே சாப்பிட்டுண்டிருக்கோம்!”

அந்தப் பக்கத்தில் வேறொரு மேளம் கேட்டது. அதற்கு நடுவில் கஸ்தூரிரங்கன் மெதுவாகக் கேட்டார்:

“இங்க மாப்பிள்ளை காசி யாத்திரைக்கே இப்பத்தான் குடையைத் தேடிண்டிருக்கார். நீ யாராத்துக் கல்யாணத்துலம்மா சாப்பிட்டுண்டிருக்கே?”