மறந்துபோன மாத்திரை

“நான்தான் டாக்டரம்மா மாத்திரையை மறந்தேன்” என்றார் தையல்காரர். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணும் தூங்கி நாலு நாள் ஆனது போலிருந்தது.

தையல்காரரின் மனைவி போய் எட்டு நாள் ஆகிறது. கொரோனா வார்டில் ஒன்பது நாள் இருந்தாள்; பத்தாம் நாள் காலையில் போன் வந்தது. பக்கத்தில் போய் முகம் பார்க்கக்கூட விடவில்லை.

இன்று மீதிக் காகிதங்களை வாங்கிப் போகச் சொல்லியிருந்தார்கள். காகிதம் கிடக்கட்டும், யாருக்கு வேண்டும்? இந்த டாக்டர் வாயிலிருந்து அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வந்தாக வேண்டும். அவளைக் கொண்டுபோனது தைராய்டுதான் என்று.

“அவளுக்கு தைராய்டு கம்மி. பதினாறு வருஷமா மாத்திரை. விட்டா முகமெல்லாம் உப்பிப்போயிடும், எழுந்திரிக்கவே மாட்டா. இங்க கொண்டுவந்து விட்டப்ப பையில அதை வைக்காம விட்டுட்டேன். ஒன்பது நாளும் மாத்திரையில்லாம கிடந்திருக்கா. அதனாலதானே டாக்டரம்மா?”

அந்த மாத்திரையை அவர்கள் வீட்டில் லேசில் யாரும் மறந்துவிட முடியாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். அரை மணி நேரம் வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. அவளோ காபி இல்லாமல் கண்ணையே திறக்காதவள். பதினாறு வருஷமும் அந்த அரை மணி நேரம் அவரைத்தான் வறுத்தெடுப்பாள். அவரும், அவளை வைத்துக்கொண்டு தான் மட்டும் எப்படிக் குடிப்பது என்று கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போன பிறகும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் ஃபைலைப் பிரித்தார்.

“அப்படி இல்லீங்க அய்யா. தைராய்டு கம்மியா இருக்கிறவங்க நிறைய பேர் இங்க வந்தாங்க. மாத்திரை போட்டுக் கட்டுக்குள்ள இருந்தவங்களுக்கு அதனால ஆபத்து கூடினதா நாங்க பார்க்கல. அம்மாவுக்கு நுரையீரல் தாங்கல. அவ்வளவுதான்.”

“அவ மாத்திரைதான் போடலியே!”

டாக்டர் தாள்களைப் புரட்டி, ஒன்றை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

தையல்கடை அளவு நோட்டிலிருந்து கிழித்த தாள். நீளம், தோள், இடுப்பு என்று அச்சடித்த கட்டங்கள். அதன் குறுக்கே அவருடைய குண்டு குண்டு எழுத்து. ‘தைராய்டு மாத்திரை பைக்குள் சின்ன டப்பாவில் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. அரை மணி நேரத்துக்குக் காபி தர வேண்டாம். கெஞ்சுவாள்.’

அதன் கீழே, மாத்திரை கொடுத்ததற்கு நர்ஸ் போட்ட ஒன்பது டிக்.

“நீங்க எதையும் மறக்கலீங்க” என்றார் டாக்டர். குரல் இளகியிருந்தது. துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

தையல்காரர் கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தியிருந்தது.

“தெரியும் டாக்டரம்மா” என்றார் மெதுவாக. “நான்தானே எடுத்து வெச்சேன்.”

கதவுக்கு வெளியே பெஞ்சில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரே பெண். பெரிய கடையொன்றில் பில் போடுகிற வேலை. அந்த வீட்டில் முதலில் இருமியது அவள்தான். தள்ளிப் படும்மா என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டது அம்மா. மகள் தேறி எழுந்தாள், அம்மா படுத்தாள்.

எட்டு நாளாக மகளுக்கு ஒரு வாய் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. “நான்தாம்ப்பா அம்மாவைக் கொன்னுட்டேன்” என்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லை. நேற்று மொட்டைமாடிச் சுவரோரம் நின்றவளை அவர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“பழி போட அவளுக்கு ஒரு ஆள் வேணும் டாக்டரம்மா. நான் இருக்கேனே. நான் தாங்கிக்குவேன், அவ தாங்க மாட்டா.”

“பொய் சொல்ல முடியாதுங்க அய்யா.”

“நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். நீங்க இல்லேன்னு சொல்லாம இருந்தா போதும் தாயே.”

டாக்டர் அந்தத் தாளை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டார்.

தையல்காரர் சொன்னார். மாத்திரையை எடுத்து வைக்க மறந்ததை, ஒன்பது நாள் அவள் அது இல்லாமல் கிடந்ததை, அதனால்தான் போய்ச் சேர்ந்தாள் என்பதை, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னார்.

மகள் டாக்டரைப் பார்த்தாள். “அப்படியா டாக்டர்?”

டாக்டர் ஃபைலை மூடினார். தலை நிமிரவில்லை.

எட்டு நாளில் முதல் முறையாக மகள் வாய்விட்டு அழுதாள். இரண்டு கையாலும் அப்பாவின் நெஞ்சில் குத்தினாள். “ஒரு மாத்திரை! ஒரு மாத்திரையை எடுத்து வைக்கத் தெரியலியா உனக்கு?”

அவரை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நின்று வாங்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் வீட்டில் அவளே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அவர் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாவது தடவையும் அவளே சோறு எடுத்துப் போட்டுக்கொண்டபோதுதான் அவருக்கு அழுகை வந்தது.