‘ய’வின் நிழல்

தங்கையின் தையல் கடைக்கு மறுநாள் காலை திறப்பு. பெயர்ப்பலகை எழுதும் அண்ணனுக்கோ ஒரே ஓர் எழுத்து வழிக்கு வரவில்லை. ‘தையல்’ என்ற சொல்லில் மற்ற எழுத்துகளின் நிழல் வலப்பக்கம் விழ, ‘ய’வின் நிழல் மட்டும் இடப்பக்கம் விழுந்தது. மூன்று முறை அழித்து வலப்பக்கம் வரைந்தார். பெயின்ட் காய்ந்ததும் மூன்று முறையும் அது இடப்பக்கம் போயிருந்தது.

“விடுண்ணா. தூரத்துல இருந்து யாருக்குத் தெரியப்போகுது?”

“தூரத்துல தெரியறதுக்குத்தானே இந்த எழுத்தே.”

நிழல் எழுத்தின் சூட்சுமம் எளிது. வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதாக எல்லா எழுத்தும் ஒத்துப்போனால், தட்டைப் பலகையிலும் அவை எழுந்து நிற்கும். தெருமுனையில் வருகிறவர் கண்ணை இழுக்கும். ஒன்று முரண்டு பிடித்தாலும் மொத்தமும் படுத்துவிடும்.

“அதுதான் வீம்பு பிடிக்குதுன்னா நீயுமாண்ணா? காலையில நான் கடை திறக்க வேணாமா?”

அண்ணன் மறுபடி தூரிகையை எடுத்தார். பிறகு ‘ய’வைத் தொடாமல், மற்ற எழுத்துகளின் நிழலை அழித்து எல்லாவற்றையும் இடப்பக்கம் வரைந்தார். காய்ந்த பிறகு எந்த நிழலும் இடம் மாறவில்லை.