கறுப்பு அடிக்கக் கூடாது

“எல்லாத் துப்பாக்கிக்கும் கறுப்பு அடிச்சுடுங்க வைரக்கண்ணு. நாளைக்கு மியூசியத்துலேருந்து எடுத்துட்டுப் போக வர்றாங்க.”

ஸ்ரீவித்யா சொன்னதும் வைரக்கண்ணுவுக்குப் பகீரென்றது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சிப்பாய்கள் தோளில் சுமந்த துப்பாக்கிகளின் அச்சு அசலான நகல்கள் அவை. ஒரத்தநாட்டுப் பட்டறையில் அவரே கைப்படச் செய்தவை. செய்யச் சொன்ன பேராசிரியர் சந்தானகிருஷ்ணன் மாடிப்படியில் உருண்டு, மண்டை உடைந்து போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் மனைவிக்கு இப்படி ஒரு புத்தி!

“கறுப்பு அடிச்சா அது கம்பெனி துப்பாக்கியே இல்லம்மா. செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளி மாதிரில்ல வச்சிருந்தாங்க. மியூசியத்துக்காரன் பார்த்ததுமே வேணாம்னுடுவான். சாரோட ஆசையே மண்ணாப் போயிடும்.”

“போகட்டும்.”

வைரக்கண்ணுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“எப்பேர்ப்பட்ட மனுஷன்! மெஷின்ல விரலைப் பறிகொடுத்த பொண்ணுன்னு பார்க்காம, என் மக பிரகதிக்கு இதையெல்லாம் துடைச்சுப் பார்த்துக்குற வேலை குடுத்தாரே. அவர் போனதுலேருந்து அவ ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடல. அவளுக்கு இருக்குற பாசம்கூட...”

ஸ்ரீவித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணுல கறை புடிச்சிருக்கு. எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன், போகல. அதான் சொல்றேன்.”

“எதுல?”

ஸ்ரீவித்யாவின் பார்வை சுவர்ப்பக்கம் போனது. சுவரோரம் ஒரு துப்பாக்கி மட்டும் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. வைரக்கண்ணு அதைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். குழலின் நுனியில் செம்பழுப்பாகத் துரு.

“யாரோ வெறுங்கையால தொட்டிருக்காங்க. பூச்சு இல்லாத இரும்பும்மா, வேர்வை பட்டாப் போதும், கை பட்ட இடமெல்லாம் துரு ஏறிடும். அதனாலதானே சார் கையுறை இல்லாம யாரையும் தொடவிட மாட்டார்...”

துப்பாக்கியை யாரும் நுனியில் இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள். கட்டைப் பக்கத்தால் ஓங்கி அடிப்பவர்கள்தான் பிடிப்பார்கள்.

அவர் ஸ்ரீவித்யா பக்கம் திரும்பினார்.

“சார் படியில விழலையாம்மா?”

ஸ்ரீவித்யா பிரித்துப் போட்ட வேட்டியை எடுத்து மடித்தார்.

“பாவி! அந்த மனுஷன் உங்களுக்கு என்ன குறை வச்சாரு? நான் போலீஸுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி என் கண்ணால பார்க்கணும். கையை வைங்க இதுல!”

ஸ்ரீவித்யா மறுக்கவில்லை. அருகில் வந்து, கறை படிந்த இடத்தில் கையை வைத்துக் குழலைப் பிடித்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல், சுண்டுவிரல் எல்லாவற்றின் அடியிலும் துரு இருந்தது. நடுவிரலுக்கு அடியில் மட்டும், வைரக்கண்ணு தேய்த்துக் கொடுத்தபடியே இரும்பு பளபளத்தது.

“அன்னிக்கு அவர் பிரகதியை உள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டார். அவ கத்துன சத்தம் கேட்டு நான் மேல ஓடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. அவரைப் படியில உருட்டிவிட்டது மட்டும்தான் நான்” என்றார் ஸ்ரீவித்யா. “இப்பவாவது கறுப்பு அடிக்கிறீங்களா?”