வாசலில் மூன்று கேள்விகள்

அந்த வீட்டில் குத்துச்சண்டைக்குப் போய்வந்தவர்களை மூன்று கேள்வி கேட்காமல் நிலைப்படி தாண்ட விடமாட்டார்கள். உன் பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய். மண்டையில் வாங்கிய அடி உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, யாரோ ஒரு மருமகள் அந்தக் காலத்தில் தொடங்கிவைத்தது. தாவீதின் தாத்தாவும் அப்பாவும் வாசலில் நின்று பதில் சொன்னவர்கள்தான். தாவீதும் பதினாறு வருடம் பிசகாமல் சொன்னான். பிறகு ஒருநாள் பால் வாங்கப் போனவன், வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையிலேயே நின்றிருந்தான். அன்றுதான் அவன் மனைவி மார்த்தாளுக்கு உறைத்தது. போட்டி எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். போட்டியன்று காலையில் எப்போதும் கேழ்வரகுக் கூழ்தான்.

இன்று மகள் பெனினா போட்டியில் ஜெயித்த கோப்பையோடு வந்து நின்றாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. மார்த்தாள் வாயைத் திறக்கும் முன்பே, "பெனினா, ஞாயித்துக்கெழம, கூழு. வழிய வுடும்மா" என்று சிரித்தாள்.

மார்த்தாள் நகரவில்லை.

"காலைல கெளம்பும்போது உன் கையில இன்னா குடுத்தேன்?"

பெனினாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. மடங்கியிருந்த வலது கையை விரித்து உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பாடம் ஒப்பிப்பதுபோல் மறுபடியும் தொடங்கினாள்.

"பெனினா. ஞாயித்துக்கெழம..."

"கூழு" என்றான் தாவீது, உள்ளே நாற்காலியிலிருந்து.