அமுக்கிய வார்த்தை

"உங்க பொண்ணு சொன்னதை என் வாயால திருப்பிச் சொல்ல முடியாது சார். சனிக்கிழமை ஃபைனல்ஸ்ல அவ இல்ல. அவ்வளவுதான்."

தலைமையாசிரியை இப்படிச் சொன்னதும் பட்டன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பக்கத்து நாற்காலியில் மகள். கோல்கீப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு வயசில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே படித்துவிடுவாள்.

ஒரே ஒரு சிக்கல். உதட்டில் பார்த்தால் 'அம்மா'வும் 'அப்பா'வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் அவர்கள் வீட்டில் அம்மா என்றால் வாயால் மட்டும் சொல்வார்கள். அப்பா என்றால் விரலால் மேலுதட்டில் ஒரு மீசை.

"அப்படி யாரைத் திட்டினா மேடம்?"

"பந்தைத் தவற விட்ட பொண்ணை. சின்ன கிளாஸ் பிள்ளைங்க சுத்தி நிக்கறப்போ. அதுல ரெண்டு பேர் இப்ப அதையே பாட்டா பாடிட்டுத் திரியறாங்க."

"எங்க வீட்டுல கெட்ட வார்த்தையே காதுல விழாது மேடம். வேணும்னா பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க."

பொய்யில்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் அவருக்கு வாய்தான் அசையும். சத்தம் வராது. எல்லாம் தொழில் பழக்கம்.

டிவியில் வரும் நேரடி ஆட்டம் சில விநாடி தள்ளித்தான் வீடுகளுக்குப் போகும். அதற்குள் ஆட்டக்காரர் யாராவது வாய்க்கு வந்ததைப் பேசினால், பட்டனை அமுக்கி அதன்மேல் ஒரு 'பீப்' போடுவதுதான் அவர் வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை நழுவியதில்லை. ஆபீஸில் அவர் பெயரே பட்டன்காரர்தான்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் பாத்தீங்களா மேடம்?"

"கேப்டன் பெனால்டியைக் கோட்டை விட்டுட்டுத் திட்டினாரே, அதானே? நாடே அதைத்தானே பேசுது."

பேசாமல் என்ன செய்யும்? அந்த பீப்புக்குள் இருந்தது எந்த வார்த்தை என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றம். பிள்ளைகளின் சுவரிலிருந்து கேப்டன் படத்தைக் கிழித்துப் போட்டார்கள் பெற்றோர். திட்டவே இல்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பீப் வந்ததே, அது என்ன சும்மாவா வரும்?

"சத்தத்தை நான் அமுக்கிட்டேன் மேடம். ஆனா கேமராக்காரன் மூஞ்சியைப் பக்கத்துல காட்டிட்டான். ஊருக்கெல்லாம் பீப்பு. என் பொண்ணுக்கு மட்டும் முழு வார்த்தை."

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"அவளை ஆட விடுங்க மேடம். கோல்போஸ்ட் நடுவுல நிக்கறப்போ மட்டும்தான் காது கேக்கலைங்கறதையே அவ மறந்திருக்கா. தண்டிக்கணும்னா அந்தாளைத் தண்டிங்க. குழந்தைங்க பாக்கறாங்கன்னு தெரிஞ்சும் வாயை அடக்கத் தெரியாதவனை, உங்க அசெம்பிளியில மைக் முன்னாடி நிக்க வச்சு மன்னிப்புக் கேக்க வைக்கணும்."

தலைமையாசிரியை தலையசைத்தார்.

"நியாயம்தான். கத்துக் கொடுத்தவர் வந்து மன்னிப்புக் கேட்டா, கத்துக்கிட்டவளை நான் விட்டுடறேன்."

பிறகு மகள் பக்கம் குனிந்து, உதடு தெளிவாகத் தெரியும்படி நிதானமாகக் கேட்டார்.

"கேப்டன் சொன்னதைத்தானே நீயும் சொன்னே?"

மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

"கேப்டன் திட்டலை மிஸ். 'என் தப்பு'ன்னு சொன்னார். திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னார்."

பட்டன்காரர் அந்த ஆட்டத்தை மனசுக்குள் திருப்பி ஓட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு ஹெட்ஃபோனில் கூட்டத்தின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சிவந்த முகம் தெரிந்தது. எதற்கு வம்பு என்று அமுக்கிவிட்டார். கேப்டன் தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டு நின்றது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அடப்பாவமே, அந்த மனுஷன் சொல்லாத வார்த்தையை நாடு முழுக்கப் பரப்பியது தன்னுடைய கட்டைவிரல்தானா?

ஆனால் இங்கே மகள் விஷயம் பாக்கி இருக்கிறதே.

"அப்புறம் அந்த வார்த்தையை நீ எங்கதான் பாத்தே குட்டி?"

"ஸ்கூட்டர் கண்ணாடியில."

"கண்ணாடியிலயா?"

"பின்னாடி உக்காந்தா வாய் நல்லாத் தெரியும். யாராவது குறுக்க வந்தா வரும். சிக்னல்ல வரும். தினமும் வரும்."

பட்டன்காரரின் கட்டைவிரல் மேஜை விளிம்பை அமுக்கிக்கொண்டிருந்தது.

"யார் வாய்ல பாத்தே?" என்றார் தலைமையாசிரியை.

மகள் அப்பாவைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். பிறகு கையுறை போட்ட தடித்த விரலை மேலுதட்டில் வைத்து, மெதுவாக ஒரு மீசை வரைந்தாள்.

பட்டன்காரர் மகள் பக்கம் திரும்பினார். வழக்கம்போல வாய் மட்டும்தான் அசைந்தது. ஆனால் இந்தத் தடவை வந்தது கேப்டன் சொன்ன அதே வார்த்தை. மகள் அதைப் படித்துவிட்டுத் தலையை அசைத்தாள்.

தலைமையாசிரியைக்கும் அது புரிந்துவிட்டது.

"நாளைக்கு மைக்ல அதைச் சத்தமாச் சொல்லுங்க சார். அப்படியே கேப்டனுக்கும் சேத்துச் சொல்லிடுங்க."