வலக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் விளக்கு

சீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும் என்று ராஜப்ரியா பொத்தானை அழுத்திக் காட்டியபோது ஆறுக்குட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெளியே குன்னூரே மூடுபனியில் விறைத்துக் கிடந்தது. இந்த ஊரில் உட்காரும் இடத்துக்கு ஐஸ் வைக்க ஒரு வண்டி. யோசித்தவனை மார்கழி விடிகாலையில் இதில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

ராஜப்ரியாவிடம் மூன்று டாக்ஸிகள். பழையதை விற்றாயிற்று. அதை ஓட்டிய ஆறுக்குட்டிக்குத்தான் புது வண்டி. எல்லா வசதியும் உள்ளதை வாங்குவதா, ஒன்றுமில்லாததை வாங்குவதா? இருபத்தாறு வருஷம் மலையில் ஓட்டியவர் சொல்வதே முடிவு என்றுவிட்டாள். ஓட்டிப் பார்க்க ஷோரூம் அனுப்பியது எல்லாம் உள்ளதை.

வழக்கம்போல் அவளுக்கு முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். இரண்டு வருஷமாக அவர் காட்டும் மரியாதை அது என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள்.

வெலிங்டன் தாண்டியதும் ஸ்டீயரிங் அவர் கையைப் பிடித்து இழுத்தது. ரோட்டுக் கோட்டைத் தாண்டுகிறாராம். கோடு எங்கே இருக்கிறது என்று இறங்கித் தேடினால்தான் உண்டு.

அருவங்காட்டில் திரையில் ஒரு காபிக் கோப்பை எரிந்தது. களைத்துவிட்டாராம், ஓய்வெடுக்க வேண்டுமாம். கிளம்பிக் கால்மணி நேரம் ஆகவில்லை.

கூரைக் கண்ணாடியைத் திறந்தால் சாரல் மடியில் விழுந்தது.

ஒவ்வொன்றையும் கழுவிக் கழுவி ஊற்றினார். ராஜப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேத்திக்கு அப்புறம் நேர் ரோட்டில், முன்னால் ஊர்ந்த கேரட் வேனை முந்த வலப்பக்கம் ஒடிக்கப் போனார். வலக் கண்ணாடியின் ஓரத்தில் சின்னதாய் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கை நின்றது. பின்னால் பனிக்குள்ளிருந்து வந்த ஒரு பைக் வலப்பக்கம் உரசிக்கொண்டு போனது.

“என்னமா ஹாரன் அடிக்கறான் பாருங்கண்ணா, காதே கிழிஞ்சிரும்போல.”

“ஆமாங்கம்மணி” என்றார்.

அந்த விளக்கைப் பற்றி மட்டும் அவர் வாயில் கேலி வரவில்லை. அதற்காக மற்ற குப்பையெல்லாம் கூட வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். பைக்காரர்கள் தொல்லை அதிகம், விளக்குள்ள வண்டியே இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் அவள் ஏன் என்று கேட்கக் கூடாது. லவ்டேல் வரைக்கும் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

லவ்டேலில் அவள் டீ வாங்க இறங்கினாள். இடப்பக்கம் ஒரு பஸ் உறுமியபடி ஒட்டி வந்து நின்றது. டம்ளர்களோடு திரும்பியவள் சுற்றிக்கொண்டு அவருடைய ஜன்னலுக்கு வந்தாள். ஒன்றை நீட்டியபடி ஏதோ கேட்டாள்.

வலப்பக்கம். அந்தக் காதில் இரண்டு வருஷமாக ஒரு சத்தமும் விழுவதில்லை. தெரிந்தால் இந்த மலையில் யார் அவரை நம்பி வண்டி கொடுப்பார்கள்?

உதடு அசைந்தது. முகம் சிரித்தது. டீ போதுமா என்று கேட்கிறாள் போலிருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பஸ் நகர்ந்தது. ராஜப்ரியா ஏறி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, ஷோரூமுக்குப் போன் போட்டாள்.

“ஒண்ணுமில்லாத வண்டியே போதுங்க. இப்பத்தான் எங்க டிரைவரண்ணங்கிட்டக் கேட்டேன், அதே போதும்னு தலையாட்டிட்டாருங்க.”

இடக் காது நல்ல காது. ஒரு சொல் விடாமல் கேட்டது.